ரெண்டே வார்த்தை

2001. சபரிநாதன், இருபத்தொன்பது வயது, அமெரிக்காவில் சான் ஹோசே. அம்மா புஷ்பவல்லி கோயமுத்தூர் திரும்புவதற்குள் தன் கல்யாணப் பேச்சை எடுத்தாக வேண்டும். தைரியம் வராமல், அம்மாவை ஜப்பானியப் பூங்காவுக்கு அழைத்து வந்திருந்தான்.

"ஜப்பான்காரனுக்கு எதுக்குடா நினைவுக் கல்லு? ரெண்டாம் உலக யுத்தத்துல, மலேயாவுல இருந்த எங்கப்பாவை சயாமுக்கு ரயில்பாதை போட இழுத்துட்டுப் போய்ச் சாகடிச்சவனுக! நான் அப்ப கைக்குழந்தை."

"இது அவங்களுக்கு இல்லம்மா. இங்கயே வாழ்ந்த ஜப்பான் குடும்பங்களுக்கு. அதே யுத்தத்துல அமெரிக்கா இவங்களைக் கேம்ப்ல அடைச்சு வச்சுது."

கல்லருகே ஒரு ஜப்பானியப் பெண் பூ வைத்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு வெக்கறான்னு கேளு."

சபரி ஆங்கிலத்தில் கேட்டான்.

"மை கிராண்ட்ஃபாதர்" என்றாள் அவள்.

"அவ தாத்தாவுக்காம். கேம்ப்லயே செத்துட்டாராம். அவங்கப்பா அப்பக் கைக்குழந்தையாம். இப்ப ஃப்ரெஸ்னோல பீச் தோட்டம் வச்சிருக்காராம். முட்டி வலியாம், பாவம்."

அம்மா மகனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவ சொன்னது ரெண்டே வார்த்தை. அதுல முட்டி வலி எங்கடா வந்துச்சு?"

சபரி அவசரமாகக் கல்லில் செதுக்கியிருந்ததைப் படிக்க ஆரம்பித்தான்.

"பேரு என்ன?"

"ஏமி" என்றான், அவளைக் கேட்காமலே.

அம்மா கல்லைப் பார்த்தாள். "உங்கப்பாவும் என்னை மாதிரியேதானா கண்ணு?" என்று தமிழிலேயே கேட்டு, ஏமியின் கையைப் பிடித்து அருகில் நிறுத்திக்கொண்டாள். பிறகு, வழியில் போன வெள்ளைக்காரரிடம் கேமராவை நீட்டினாள்.

"ஏனுங்க, எங்க மூணு பேத்தையும் ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க. சம்பந்திக்கு அனுப்போணும்."