ரப்பர்த் தக்கை

தொம்மலூர் வீட்டு வாசலில் எங்கள் சின்னப் பாய்மரப் படகை டிரெய்லரோடு நிறுத்திவைக்கும்போது, அதன் பின்பக்க ஓட்டையிலிருந்து ரப்பர்த் தக்கையைக் கழற்றிவிடுவோம். மழைத்தண்ணீர் வடிய வேண்டுமே. ஏரியில் இறக்கும் முன்பு மறுபடி மாட்டுவது என் வேலை. நான் மறக்கிற ஆளில்லை என்று பீற்றிக்கொள்வேன்.

1997 ஜூனில் ஒரு ஞாயிறு, அல்சூர் ஏரியில் நானும் என் மனைவி வித்யாலட்சுமியும் வெகுநேரம் பாய் விரித்துச் சுற்றினோம். அவளுக்கு நீச்சல் தெரியாது. படகுக்குள் சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை.

படகை டிரெய்லரில் ஏற்றி, ஜீப்பால் கரைக்கு இழுத்து நிறுத்தினேன். சாவியைச் சட்டைப்பையில் போடும்போது விரலில் தக்கை தட்டுப்பட்டது.

"என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப்போச்சு?"

"தக்கைய மாட்டவே இல்ல, வித்யா."

"சும்மா சொல்லாதீங்க. மாட்டலன்னா இந்நேரம் முழுகியிருப்போம்."

சிரித்தபடி படகின் பின்னால் போய்க் குனிந்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. நானும் குனிந்தேன்.

உள்ளேயிருந்து ஒரு கட்டைவிரல் ஓட்டையை அடைத்திருந்தது. நீரில் ஊறிச் சுருங்கிய விரல். நிமிர்ந்து படகுக்குள் எட்டிப் பார்த்தேன். யாருமில்லை.

"மாட்டுங்க," என்றாள்.

தக்கையை ஓட்டையருகே கொண்டுபோனேன். விரல் மெதுவாகப் பின்வாங்கி இடம் விட்டது.