பிஎச் பார்க்கும் டப்பா

மீன் தொட்டி இருந்த வீட்டுக்கு பிஎச் பார்க்கும் டப்பா ஒன்று வந்து சேர்ந்தது. தொட்டித் தண்ணீரைக் குப்பியில் எடுத்து மருந்தைச் சொட்டினால் பச்சை வர வேண்டுமாம்; நீலம் என்றால் காரம் அதிகம், மஞ்சள் என்றால் அமிலம் அதிகம். காலையில் நீலம் வந்தது. வீட்டுக்காரி தொட்டியில் அமிலம் ஊற்றினாள். மதியம் மஞ்சள், சோடா உப்பைக் கொட்டினாள்.

"அக்கா, செவுள் எரியுது. இன்னொரு தடவை ஊத்தினா நான் செத்து மிதந்துடுவேன். நேத்து நல்லாத்தானே இருந்தோம்?" என்று சுற்றிச் சுற்றி நீந்தியது தங்கமீன்.

"நேத்து டப்பா இல்லையேடி," என்றது கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தை.

சாயங்காலம் மறுபடி சொட்டினாள். பச்சை!

"பிழைச்சேன்!" என்று துள்ளியது மீன்.

"கத்தாதே. அவ மூஞ்சியைப் பாரு."

வீட்டுக்காரி குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள், சாய்த்துப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள்.

"இவ்வளவு சீக்கிரம் சரியாகிடுமா என்ன?" என்று சொல்லிக்கொண்டே அமில பாட்டிலைத் திறந்தாள்.