இருபதா, இருபத்துநாலா?

"இதுல ஏறி எத்தினி பேரு வியுந்து கால ஒடச்சிக்கினாங்க? உண்மையச் சொல்லு பாய்!"

இம்ரான் சிரித்துவிட்டான். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டியிருக்கும் அவனுடைய சைக்கிள் கடையில் அந்த இரண்டு ஒற்றைச் சக்கர சைக்கிள்களும் மாதக்கணக்காகத் தொங்குகின்றன. யாரோ ஆண்டு விழாவில் வித்தை காட்டப்போகிறோம் என்று கேட்டதை நம்பி வரவழைத்தவன், அவர்கள் கைவிரித்ததும் மாட்டிக்கொண்டான். "துணி காயப்போடக்கூட லாயக்கில்ல" என்று மனைவி சாதியா தினமும் இடித்துக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கு ஒருத்தி தானாகத் தேடி வந்து நிற்கிறாள்.

பக்கத்து ஊரான மானாம்பதியிலிருந்து செவ்வந்தி. கம்பெனி வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். அடையாள அட்டைகூட இன்னும் கழுத்திலேயே இருந்தது. அவளுக்குப் பின்னால் அப்பா வேதகிரி, பல் பிடுங்க வந்தவர்போல நின்றுகொண்டிருந்தார்.

"யாரும் ஒடச்சிக்கல தங்கச்சி. பாரு, நானே ஓட்டறேன்."

இம்ரான் சின்னதை இறக்கி, ஏறி, கைகளை விரித்துக்கொண்டு கடை வாசலில் ஒரு வட்டமடித்தான். டீக்கடையிலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். வேதகிரி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"ரெண்டுல எது சொகுசு, எது பத்திரம்?" என்றாள் செவ்வந்தி.

"பெருசு இருபத்துநாலு இன்ச்சு. ரோட்டுல வேகமாப் போவும். ஆனா புதுசா கத்துக்கறவங்களுக்கு இந்த இருபதுதான் நல்லது. தடுமாறினா சட்டுனு கால ஊணிக்கலாம். டயரும் பட்டையா கீது, அவ்ளோவா குலுக்காது. ஓட்டப்போறவங்க எவ்ளோ ஒசரம்?"

அவள் திரும்பி, அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள். "எங்க நைனா ஒசரந்தான்."

"வாணாம்மா," என்றார் வேதகிரி. "ஊரே கைகொட்டிச் சிரிக்கும்."

"நீ சும்மா இரு நைனா. பாய், சீட்ட எவ்ளோ ஏத்தணும்?"

"தொப்புள் வரைக்கும் வரணும். மிதிக்கும்போது முட்டி லேசா மடங்கினா போதும்."

செவ்வந்தி சீட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"இதவிட மெத்துனு ஒண்ணு போட்டுக் குடு. எங்க ரோடு குண்டும் குயியுமா கீது. ஹெல்மெட்டு, முட்டிக்கு, மொயங்கைக்கு மாட்டறது எல்லாம் எடு. ஒரு கீறல்கூட வியக்கூடாது."

"அதெல்லாம் கீது. தெனம் ரெண்டு மணி நேரம் பயகினா, ரெண்டு மூணு வாரத்துல ஓட்டிடலாம்."

"அவ்ளோ டைம் இல்ல பாய். வர்ற வெள்ளிக்கெயம ஊரு நடுவுல ஓட்டியாவணும்."

"செவ்வந்தி, சொன்னா கேளும்மா..." வேதகிரி அவள் கையைப் பிடித்து இழுத்தார். "இந்த வம்பு நமக்கு எதுக்கு?"

இம்ரானுக்கு மனசு கேட்கவில்லை. நரைத்த தலை, நாற்று நட்டு நட்டு வளைந்த முதுகு. இந்த மனுஷனை இதில் ஏற்றிவிட்டால் என்ன ஆகும்? ஒரு பக்கம், ஒன்றாவது விற்றுப்போனால் சாதியாவின் வாய் அடங்கும். இன்னொரு பக்கம், பெரியவரின் இடுப்பு. சைக்கிளைத் தூக்கிக் கொக்கியில் மறுபடி மாட்டினான்.

"இது விக்கறதுக்கு இல்ல தங்கச்சி."

"இன்னா பாய், திடீர்னு?"

"பெரியவரப் பாரு, எப்டி பயப்படறாரு. பெத்த அப்பன இதுல ஏத்தி வேடிக்கை காட்டணும்னு உனுக்கு இன்னா தலையெழுத்து? அந்தப் பாவம் எனக்கு வாணாம்."

செவ்வந்தி ஒரு கணம் விழித்தாள். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐய, நைனாவுக்கு இல்ல பாய், எனக்குப் பார்த்துக்கீற மாப்ளைக்கு! வண்டி வாங்கிக் குடுத்தாத்தான் தாலி கட்டுவேன், அதுல ஏறித்தான் ஊர்வலமா மண்டபத்துக்கு வருவேன்னு நேத்து சொல்லி அனுப்பிச்சாரு; எத்தினி சக்கரம்னு சொல்லல."