பதினெட்டு டிகிரியும் ஒரு மணிபிளான்ட்டும்

“ஏசியைப் பதினெட்டுல வெச்சா நான் விறைச்சே போயிடுவேங்க. இருபத்தாறுல வைங்களேன்!”

போர்வைக்குள்ளிருந்து மனைவி கெஞ்சினாள். தாவரவியல் பேராசிரியர் ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் தள்ளினார்.

“எல்லாம் உன் மனப்பிரமை. குளிருதுன்னு ஆதாரம் இருக்கா?”

“என்னை நம்ப வேண்டாம். அந்த மணிபிளான்ட் ஒரு வாரமா நம்ம ரூம்லதானே இருக்கு? செடிக்குக் குளிர் தாக்குதான்னு பார்க்க காலேஜ்ல ஒரு மெஷின் வெச்சிருக்கீங்களே, அதைக் கொண்டாந்து செடியையே கேளுங்க.”

பேராசிரியருக்குப் பெருமை பிடிபடவில்லை. மறுநாள் மாலை கருவியோடு வந்தார். இலையில் கிளிப்பை மாட்டிக் கொஞ்ச நேரம் இருட்டில் வைத்தார். பிறகு பளிச்சென்று ஒளியைப் பாய்ச்சினார்.

“வெளிச்சம் பட்டா இலையில இருக்கற பச்சையம் லேசாத் திருப்பி ஒளிரும். அதை அளந்தா, இலை வாடறதுக்கு முன்னாடியே குளிர் தாக்கினது தெரிஞ்சிடும். மனுஷங்க மாதிரி இல்ல, செடி பொய் சொல்லாது!”

கருவியின் திரையைப் பார்த்ததும், இலை வாடுவதற்கு முன்னால் அவர் முகம் வாடியது.

“அடப்பாவமே! குளிர்ல துடிச்சுப் போயிருக்கே!”

மூன்று வருடமாக நடுங்கிக்கொண்டிருந்த மனைவியைத் தாண்டிப் போய்ச் செடியைத் தடவிக்கொடுத்தார். ஏசி இருபத்தாறுக்கு ஏறியது.

மறுநாள் அவர் கல்லூரிக்குக் கிளம்பியதும் மகள் ஃபிரிட்ஜைத் திறந்தாள்.

“அம்மா, காய்கறித் தட்டு பூரா ஏன் மண்ணு? மணிபிளான்ட் இலை வேற கிடக்கு!”

“ஒரு வாரமா பகல்ல அதுக்கு அங்கதாண்டி ஜாகை. செடி பொய் சொல்லாதுதான். அதுக்காக, சாட்சியைத் தயார் பண்ணாமலா கூண்டுல ஏத்துவாங்க?”