கெஸ்லருக்கு அனுமதி இல்லை

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. டோக்கியோவில் ஓர் அரசாங்க அறையில் நடந்ததைச் சொல்கிறேன். கையிலிருக்கும் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

“கெஸ்லரை உளவாளின்னே முடிவு பண்ணிட்டீங்களா?” நிஷிகோரி மேஜையை ஓங்கித் தட்டினார். தன் ஊரான சுவாவிலிருந்து அவர் கொண்டுவந்திருந்த அரிசி பிஸ்கட் பெட்டி ஒரு துள்ளுத் துள்ளி அடங்கியது.

அதிகாரி ஹொசகா பெட்டியை இரண்டு விரலால் அவர் பக்கமே நகர்த்தினார். “கோபப்படாதீங்க நிஷிகோரி சான். இதையும் எடுத்துக்குங்க. ஒரு பிஸ்கட் தின்னாக்கூட எங்கிட்ட விளக்கம் கேப்பாங்க.”

நிஷிகோரியின் பட்டறையில் செய்வது கடுகளவு குண்டுகள் வைத்த பேரிங். பாதிக்குமேல் செயற்கைக்கோள்களுக்குப் போகிறது. அதனால் வெளிநாட்டில் இருப்பவர் யார் அதன் பங்குகளை வாங்கினாலும் அரசாங்கம் சம்மதிக்க வேண்டும். ஜெர்மனியில் இருக்கும் கெஸ்லருக்குச் சம்மதம் கிடைக்கவில்லை.

“கெஸ்லர் சான் நல்லவங்கதான். ஆனா குடியிருக்கிறது அங்க. நாளைக்கு அந்த ஊர் சர்க்கார் பேரிங் வரைபடத்தைக் கேட்டா?”

“கெஸ்லர் குடுக்காது. தலையே போனாலும் குடுக்காது.”

விலைக்கு வாங்க வருகிறவரை ஜப்பானில் ‘சான்’ போடாமல் யாரும் பேசுவதில்லை. கோபத்தில் மரியாதை பறந்துவிட்டது போலும்.

“உள்ளூர்ல ஆள் பாருங்களேன்.”

“பார்க்காம இருப்பேனா? வந்தவனெல்லாம் மெஷின் மட்டும் போதும், ஆளுங்க வேணாங்கிறான். இருபது வருஷமா கூட இருக்கிறவங்களை நான் எந்த மூஞ்சியோட அனுப்புவேன்?” அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். “கெஸ்லர்தான் ஒருத்தரையும் அனுப்பமாட்டேன்னு சொல்லுது. டாக்டர் என்னைப் பட்டறைப் பக்கமே போகக்கூடாதுங்கிறார். இந்த மார்ச்சோட பூட்டுதான்.”

“எனக்குப் புரியுதுங்க. ஆனா என் கையில இல்லை.”

“உங்க மேலதிகாரி?”

“அவர் கையிலும் இல்லை.”

நிஷிகோரி எழுந்தார். கோட்டில் கை நுழையவில்லை. ஹொசகா ஓடிவந்து பிடித்துவிட்டார். கதவைப் பார்த்தபடி குரலைத் தாழ்த்தினார்.

“ஒண்ணு சொல்றேன். கெஸ்லர் சானுக்கு வித்தாலும் அனுமதி வேணும். சும்மா எழுதிக் குடுத்தாலும் வேணும். உங்க சொத்தா, உங்க காலத்துக்கு அப்புறம் அவங்களுக்குப் போச்சுன்னா மட்டும், எங்களைக் கேக்கவே வேண்டாம்.”

நிஷிகோரி பாதி போட்ட கோட்டோடு அவர் பக்கம் திரும்பினார்.

“அப்போ நான் செத்துட்டா மட்டும், கெஸ்லர் வீட்டுக்கு வாக்கப்பட்டுப் போன என் பொண்ணால நாட்டுக்கு ஆபத்து இல்லையா?”

உங்கள் வீட்டுக் கதவு உங்கள் பிள்ளைகளுக்கு யாரையும் கேட்காமல் திறக்கட்டும், கண்ணுகளா.