பூட்டுக்கடைக்காரர் வீட்டு வைஃபை

மாடிச் சுவரில் கேபிள்காரர் ஏணியைச் சாத்துவதைப் பார்த்ததுமே பூட்டுக்கடைக்காரர் வாசலுக்கு ஓடிவந்தார்.

கறுப்பு வயர் ஒன்று தெருக் கம்பத்திலிருந்து புறப்பட்டு, கீழ்வீட்டு ஜன்னலை எட்டிக்கூடப் பார்க்காமல், நேராக மாடிக்குப் போனது. மாடியில் இருப்பது அவருடைய தம்பி, போட்டோ ஸ்டூடியோக்காரன்.

"நல்லதாப் போச்சு. இனிமே உங்க தம்பி நம்ம நெட்டைத் தொடமாட்டாரு. சந்தோஷம்தானே?" என்றாள் மனைவி, பீன்ஸ் நறுக்கிக்கொண்டே.

சந்தோஷம்தான் என்று சொல்ல வாயைத் திறந்தார். கொட்டாவி விட்டதுபோல் சமாளித்தார்.

இத்தனை காலம் இரண்டு வீட்டுக்கும் ஒரே இணைப்புதான். பெட்டி கீழே கூடத்தில் இருக்கும். மாடிக் கம்ப்யூட்டருக்கும் அதிலிருந்துதான் நெட். ஒரே ரத்தம், ஒரே வைஃபை என்று ஊரெல்லாம் பெருமையடித்தவர் இவர்.

மகன் கல்யாணத்தில் வந்தது வினை. குடும்பப் படத்தைத் தம்பி பெரிதாக்கி, சட்டம் போட்டு, ஆசையாகக் கொண்டுவந்து மாட்டினான். எல்லாரும் முழுசாக இருந்தார்கள். அண்ணனுக்கு மட்டும் புருவத்துக்கு மேலே ஒன்றும் இல்லை.

கல்யாணத்தை நடத்தினவன் தலையையே வெட்டிவிட்டான் என்று இவர் குதித்தார். ஒட்டகம் மாதிரி கழுத்தை நீட்டினது யார் குற்றம் என்று அவன் குதித்தான். அதோடு பேச்சு நின்றது.

அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றினார். ஒரு சொட்டு நெட் மேலே ஏறக்கூடாது என்று வீட்டில் சட்டமும் போட்டார்.

சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் அவர் போனில் டிங் என்றது. இணைப்பில் புதிதாக எது நுழைந்தாலும் போன் அப்படித்தான் கோள் சொல்லும். மாடிக் கம்ப்யூட்டர் உள்ளே வந்துவிட்டது.

மறுபடி மாற்றினார். மறுபடி டிங்.

வேலியே பயிரை மேய்கிறது என்று மனைவியை முறைத்தார், மருமகளை முறைத்தார். மருமகள் கோபத்தில் இரண்டு நாள் நெட்டே இல்லாமல் இருந்து காட்டினாள். அப்போதும் டிங். ஊர்க் கதவுக்கெல்லாம் பூட்டு விற்கிறவர் வீட்டுப் பூட்டு இப்படிப் பல்லை இளிக்கிறதே என்று கடைத்தெரு முழுக்கச் சிரித்தது.

இப்போது கேபிள்காரர் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பூட்டுக்கடைக்காரர் போனை எடுத்துப் பார்த்தார். 'மாடி' என்று புதிதாக ஒரு பெயர் முளைத்திருந்தது. பக்கத்தில் குட்டியாக ஒரு பூட்டுப் படம்.

இனி டிங் வராது. அவனுக்கும் இவருக்கும் மிச்சம் இருந்தது அந்த ஒரு சத்தம்தான்.

மனைவி அடுப்படிக்குள் போகும்வரை காத்திருந்தார். பிறகு அந்தக் குட்டிப் பூட்டைத் தொட்டார். பாஸ்வேர்ட் கேட்டது.

பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாருக்கு அண்ணனும் தம்பியுமாக வைத்த பட்டப்பெயரை அடித்தார். கீழ்வீட்டில் அவர் முதன்முதலில் மாற்றி வைத்த பாஸ்வேர்ட் அதுதான். தவறு என்றது.

அம்மாவுக்குத் தெரியாமல் இருவரும் வளர்த்த நாய்க்குட்டியின் பெயர். அது இரண்டாவதாக வைத்தது. தவறு.

கொல்லையில் சேர்ந்து நடத்தி ஒரே நாளில் திவாலான சோடா கம்பெனியின் பெயர். அது போன வாரம் வைத்தது. அதுவும் தவறு.

யாராலும் திறக்க முடியாத பூட்டு அவருக்குத் தெரியாததா? உலகத்தில் ஒரே ஒருவனால் மட்டும் திறக்க முடிகிற பூட்டாகப் பார்த்துப் பார்த்து வைத்தவர் அவர். பயிரை மேய்ந்த வேலி அவரேதான்.

தம்பியும் அப்படி ஒன்றை வைத்திருப்பானா? இல்லை, வாய்க்கு வந்த எண்களைத் தட்டி வைத்திருப்பானா? எண்கள் என்றால் கதை முடிந்தது.

மாடிப் பக்கம் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

ஒரே பாயில் படுத்த நாட்கள் நினைவுக்கு வந்தன. விளக்கை அணைத்ததும் தம்பிக்கு நடுக்கம் எடுக்கும். அண்ணன் விழித்திருக்கிறவரைதான் பேய் வராது என்பது அவன் கணக்கு. அதனால் இருட்டில் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்பான். பதில் சொல்லிச் சொல்லி இவருக்கு அலுத்துப்போகும்.

ஆங்கில எழுத்தைக் கூட்டிக் கூட்டி அதை அடித்தார். தூங்கிட்டியா.

சின்னச் சக்கரம் ஒன்று சுற்றியது. பிறகு, இணைந்தது என்று வந்தது.

மாடியில் டிங் என்றது. நாற்காலி இழுபடும் சத்தம். செருப்புச் சத்தம் படிக்கட்டின் மேல்முனை வரை வந்து நின்றது.

ஐந்து மாதத்துக்குப் பிறகு, முதல் பேச்சு மேலேயிருந்து வந்தது.

"ஏண்ணே, இவ்வளவு நேரமா?"