முழுச் செலவும் கம்பெனியுடையது

காப்பீட்டு அலுவலகத்தில் பஸ் டிரைவரும் அவர் மனைவியும் அதிகாரிப் பெண்ணின் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். பேச்செல்லாம் மனைவிதான்.

“அம்மா மார்புப் புற்றுநோய்ல போனாங்க. அக்காவுக்கும் வந்திருச்சு. ரத்தம் எடுத்துப் பாத்ததுல, அதே மரபணுக் கோளாறு இங்கயும் இருக்குன்னுட்டாங்க. வருஷா வருஷம் ஸ்கேன் எடுக்கணுமாம்.”

“கவலைய விடுங்கக்கா. உங்கள மாதிரி குடும்பங்களுக்குன்னே திட்டம் இருக்கு. முழுச் செலவும் கம்பெனி பாத்துக்கும்.”

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதுவரை குனிந்திருந்த டிரைவர் நிமிர்ந்தார்.

“எப்ப வரலாம்?”

“நாளைக்கே வீட்டம்மாவக் கூட்டிட்டு வாங்க சார்.”

“அவ எதுக்கு? ஸ்கேன் எனக்கு. செத்துப்போனது என்னைப் பெத்தவங்க.”

கணினியில் தட்டிக்கொண்டிருந்த அதிகாரிப் பெண்ணின் விரல்கள் நின்றுபோயின. பிறகு, படிவத்தில் ‘பெண்’ என்றிருந்த இடத்தில் ‘ஆண்’ என்று மாற்றிப் பார்த்தாள். கணினி ஏற்கவில்லை. உள்ளே போய் மேலாளரிடம் கேட்டுவிட்டு, முகம் வாடித் திரும்பினாள்.

“பொம்பளைங்களுக்கு மட்டும்தானாம் சார். எங்க கையில ஒண்ணுமில்ல.”

டிரைவர் கோபப்படவில்லை.

“எங்கம்மா பையன், பொண்ணுன்னு பாத்தாம்மா இதக் குடுத்தாங்க?” என்றார்.

அவர் எழுந்துவிட்டார். மனைவி மட்டும், யாராவது இன்னும் ஏதாவது சொல்வார்கள் என்பதுபோல அப்படியே உட்கார்ந்திருந்தாள்.